குறையாத ஆயிலுக்கு எரிந்த விளக்கு

ஊசியக்காவின் காரில் அந்தச் சிவப்பு விளக்கு முதன்முதலாக எரிந்தது மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பதுக்கு, ரொட்டித் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள வளைவில். அன்றிலிருந்து இருபதாம் தேதி வரை அது பதினேழு முறை எரிந்தது. பதினேழு முறையும் எஞ்சினில் ஆயில் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. சில நாட்கள் அதற்கு மேலும் இருந்தது. அந்த மேலதிகம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. அதுவும் இதில் வரும்.

ஊசியக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது வேலை. இருபத்தெட்டு வயதில் தொடங்கி இருபத்தாறு வருடமாக இதே வேலைதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொரு வீடு. நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், வாரம் ஒருமுறை குத்துப்பட்டுத் தோல் காய்த்துப்போனவர்கள். யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், யார் ஊசியைப் பார்க்கக் கூடாது, யாரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெருவில் அவர் தலையைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொள்ளும். பெரியவர்களிலும் சிலர் அப்படிச் செய்வதுண்டு.

எடுத்த ரத்தக் குப்பிகளை ஒரு நீலக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒன்பதரைக்குள் நிலையத்தில் சேர்க்க வேண்டும். ஒன்பதரைக்கு இயந்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். பிந்தினால் அடுத்த சுற்று பதினொன்றரைக்குத்தான். அதற்குள் குப்பியிலேயே சர்க்கரை இறங்கிவிடும். சில குப்பிகளில் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். நோயாளி மறுபடி கை நீட்ட வேண்டும். அதனால் அந்தப் பெட்டிக்குக் காரில் ராஜ மரியாதை. முன் இருக்கையில் வைத்தால் கவிழும் என்று, அந்த இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் அதை நிறுத்தியிருப்பார். அவருடைய கணவரே காரில் ஏறினாலும் பின்னால்தான் உட்கார வேண்டும்.

காருக்கு வயது இருபத்திரண்டு. எஞ்சின் நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் பேசும், கதவு ஒரு குரலில், இருக்கை ஒரு குரலில். ஊசியக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் ஆயில் விளக்கு வேறு விஷயம்.

அவர் சூடு கண்ட பூனை. பதினெட்டு வருடத்துக்கு முன் அவருடைய முதல் காரில் இதே விளக்கு எரிந்தது. வீடு நான்கு கிலோமீட்டர்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். மூன்றாவது கிலோமீட்டரில் எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றது. பிறகு அது ஓடவே இல்லை, பழைய இரும்புக்குப் போனது. அன்று அவர் தனக்கு ஒரு விதி போட்டுக்கொண்டார். விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்ட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, பெட்டி நேராக நிற்கிறதா, குப்பிகள் சாயாமல் இருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து அளவுக்குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மொத்தம் ஒன்பது நிமிடம் ஆகும்.

மூன்றாம் தேதி அப்படித்தான் செய்தார். ஆயில் குச்சியின் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, சரியாக இருந்தது. காரைக் கிளப்பினார். விளக்கு எரியவில்லை. ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்ததில் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நான்காம் தேதி அதே வளைவில் மறுபடி எரிந்தது. ஐந்தாம் தேதி இரண்டு இடத்தில் எரிந்தது. அன்று நிலையத்தை அடைந்தபோது மணி ஒன்பது நாற்பத்தொன்று.

நிலையத்தில் ரத்தம் வாங்கும் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வெளியே போய் ரத்தம் எடுப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பிந்தினால் அந்த வரியில் ஒரு கோடு விழும். மாதம் முடிந்தால் புதுத் தாள். ஊசியக்காவின் வரியில் அதற்கு முன் கடைசியாகக் கோடு விழுந்தது மூன்று வருடத்துக்கு முன், ஒரு பாலம் மூடப்பட்ட நாளில். நிலையத்தை நடத்துகிற டாக்டரம்மா கெட்டவர் அல்ல. ஆனால் மூன்று கோடு விழுந்தால் சுற்றை மாற்றிவிடுவது என்று அந்த வருடம் ஒரு விதி கொண்டுவந்திருந்தார். கடைசியில் இரண்டு விதிகள்தாம் மோதிக்கொண்டன. எரிந்தால் நிற்க வேண்டும் என்று ஒன்று. பிந்தக் கூடாது என்று இன்னொன்று.

ஊசியக்கா வழக்கமாகக் காரைக் கொண்டுபோவது இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மெக்கானிக்கிடம். அந்த மனிதருக்கு ஊரில் மாத்திடலாம் என்றே பேர். எதைச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைதான் முதலில் வரும். ஆறாம் தேதி மாலை ஊசியக்கா பெட்டியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக் காரை ஓட்டிப் போனார். வழியில் விளக்கு எரியவில்லை. பட்டறையிலும் எரியவில்லை. பல்வலிக்காரன் மருத்துவரின் வாசலை மிதித்ததும் வலி போய்விடும் என்பார்களே, அதுபோல.

“ஆயில மாத்திடலாம்க்கா. ஃபில்டரையும் மாத்திடலாம்.”

“ஆயில் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. மாத்தினா இன்னும் நல்லா இருக்கும்.”

மாற்றினார். ஏழாம் தேதி காலை விளக்கு எரிந்தது. எட்டாம் தேதி, எஞ்சினின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் இருக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சை மாற்றினார். அதுதான் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரிய வைக்கும் உறுப்பு. பழைய வண்டிகளில் அது கெட்டு வீணாக விளக்கை எரிய விடுவது சகஜம் என்று சொன்னார். அது உண்மைதான். ஆனால் அந்தக் காரில் அது கெடவில்லை. பத்தாம் தேதி எரிந்தது. பதினொன்றாம் தேதி இரண்டு முறை எரிந்து, ஊசியக்கா நிலையத்தை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அடைந்தார். இரண்டாவது கோடு விழுந்தது.

டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நின்றபடி கேட்கிற விஷயமாக இருந்திருந்தால் ஊசியக்கா பயந்திருக்க மாட்டார்.

“உங்க கைக்கு நான் சாட்சி சொல்வேன். கடிகாரத்துக்கு எப்படிச் சொல்றது? இன்னொரு கோடு விழுந்தா உங்க பதினொரு வீட்டையும் பைக்ல போற ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுத்துடுவேன். நீங்க உள்ளயே இருந்துக்கலாம். குப்பிக்குச் சீட்டு ஒட்டற வேலை இருக்கு. வெயில் இல்ல, அலைச்சல் இல்ல.”

வெயிலும் அலைச்சலும் இல்லாத வாழ்க்கை ஊசியக்காவுக்குத் தண்டனையாகப் பட்டது. நான்காவது வீட்டு அம்மாளுக்கு வலது புறங்கையில் சுண்டுவிரல் பக்கம் மட்டும்தான் நரம்பு. அதை ஒரு வருடம் தேடிக் கண்டுபிடித்தவர் அவர். பைக்கில் வருகிற புதுப் பையன் நான்கு இடத்தில் குத்தித்தான் அங்கே போய்ச் சேருவான். இதைச் சொன்னால் பெருமையடிப்பதுபோல் ஆகும் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார்.

அன்று மாலை மாத்திடலாம் ஒரு புது யோசனை சொன்னார்.

“பேசாம பல்பைக் கழட்டிடலாம்க்கா. விளக்கே இல்லேன்னா எப்படி எரியும்?”

“ஜுரம் அடிக்கிறவனுக்கு மருந்து குடுக்காம தெர்மாமீட்டரைப் பிடுங்கி வச்சுக்கச் சொல்றீங்களா?”

“நீங்க மனுஷங்களைச் சொல்றீங்க. இது காரு” என்றார் மாத்திடலாம்.

ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்துபோயிற்று. கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை? ஆறாவது வீட்டில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், விளக்கைப் பார்த்து ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க மாட்டான், கண்டுகொள்ளாதே என்றார். எட்டாவது வீட்டு மருமகள் ஒரு கறுப்பு ஒட்டுநாடாவே எடுத்து வந்து கொடுத்து, விளக்கின் மேல் ஒட்டிவிடச் சொன்னாள். பத்தாவது வீட்டில் காருக்குத் திருஷ்டி என்றார்கள். ஊசியக்கா எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, எல்லார் கையிலும் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகப் பஞ்சை அழுத்தினார்.

வாயே திறக்காதவர் ஒருவர்தான். அவருடைய கணவர்.

அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. சொன்ன தேதிக்குத் துணி கொடுக்கிற தையல்காரர் என்று ஊரில் ஓர் அதிசயமாகப் பேசப்பட்டவர். வாக்கு என்றால் வாக்கு. முதல் கார் போனதிலிருந்து பதின்மூன்று வருடம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “விளக்கு எரிஞ்சது உன் கண்ணுக்குத் தெரியவே இல்லையா?” சாப்பிடும்போது கேட்டார். விருந்தாளி முன்னால் கேட்டார். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம் கதையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் திரும்பி மனைவியைக் கேட்டார். ஐந்து வருடத்துக்கு முன் நாத்தனார் வீட்டில் பதினாறு பேருக்கு நடுவில் அதைக் கேட்டபோது ஊசியக்கா தட்டைக் கீழே வைத்தார். இனிமேல் காரைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது என்றார். தையல்காரர் சரி என்றார். அதோடு சரி. ஐந்து வருடமாகக் காரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டயர் காற்றிறங்கி நின்றால்கூட, காரின் பக்கத்தில் போய் நின்று டயரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊசியக்காவாக வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி மதியம் அவர் நூலும் பொத்தானும் வாங்கக் கடைவீதிக்குப் போக வேண்டியிருந்தது. ஊசியக்கா காரில் கூட்டிப்போனார். காலிப் பெட்டி முன்னால், தையல்காரர் பின்னால். கடைவீதி வளைவில் விளக்கு எரிந்தது. ஊசியக்கா ஓரங்கட்டி இறங்கி, தன் ஒன்பது நிமிடச் சடங்கைச் செய்தார். தையல்காரர் பின்னிருக்கையில் உட்கார்ந்து, முன்னால் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார், அணைந்ததைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. இறங்கும்போது முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் தேதி காலை விளக்கு எரிந்து ஊசியக்கா குச்சியை உருவியபோது ஆயில் மேல்கோட்டுக்கு மேலே இருந்தது. ரோடு சரிவாக இருக்கும் என்று நினைத்தார். பதினான்காம் தேதி அரை விரல் மேலே இருந்தது. அன்று சமதரையில் நிறுத்தியும் பார்த்தார். பதினைந்தாம் தேதி முக்கால் விரல். ஆயில் குறைகிறது என்று விளக்கு சொல்கிறது. ஆயிலோ நாளுக்கு நாள் வளர்கிறது. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ முரண்பட்ட பரிசோதனை முடிவுகளைப் பார்த்தவர்தான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தன் கண்ணையே சந்தேகித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முக்கால் விரலேதான்.

அன்று சனிக்கிழமை. மாலையில் மாத்திடலாமை வீட்டுக்கே வரவழைத்தார். மாத்திடலாம் குச்சியைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கக்கூடத் தயாராக இருந்தார். பிறகு முன்னறையில் வந்து உட்கார்ந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் மெதுவாகப் பேசினார். எஞ்சினுக்குள் எங்கேயோ பெட்ரோல் கசிந்து ஆயிலில் சேருகிறது; அதனால்தான் அளவு ஏறுகிறது; நீர்த்துப்போன ஆயிலுக்கு அழுத்தம் வராது; விளக்கு எரியாமல் என்ன செய்யும்? எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். குறைந்தது ஆறு நாள்.

ஆறு நாள் கார் இல்லையென்றால் மூன்றாவது கோடு என்ன, முப்பதாவது கோடே விழும். ஊசியக்கா, மாதம் முடியும்வரை தள்ளிப் போட முடியாதா என்று கேட்டார். முடியாது, ஓட்டினால் முதல் கார் கதிதான் என்றார் மாத்திடலாம். அவருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. சட்டை தைக்கக் கொடுக்கும் இடம் இதுதானே.

இத்தனை நேரமும் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. தையல்காரர் அளவு எழுதும் சீட்டு ஒன்றை எடுத்து, காதிலிருந்த பென்சிலை உருவி, நிதானமாக ஏதோ எழுதி மனைவியிடம் நீட்டினார். மார்பு, தோள், கை என்று அச்சடித்த வரிகளின் குறுக்கே இப்படி எழுதியிருந்தது:

“ஆயில் ஊற்றியது நான். 12, 13, 14 தேதிகளில், மாலை, நீ குளிக்கும்போது. தினம் ஒரு டம்ளர். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.”

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அணையட்டும் என்று எண்ணெய் ஊற்றிய மனிதரை ஊசியக்கா அன்றுதான் பார்த்தார். அதுவும் தன் வீட்டிலேயே. சீட்டை இரண்டு முறை படித்தார்.

“வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? வாயைத் தைச்சு வச்சிருக்கா?”

“தைச்சது நீதான்” என்றார் தையல்காரர். “நான் பிரிக்கல.”

மாத்திடலாம் சிரித்தது தெருமுனை வரை கேட்டது. ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாகக் குச்சியை உருவி உருவிப் பார்த்துக்கொண்டிருந்தாளே ஒருத்தி, அவள் பைத்தியம் பிடித்துப்போவாள் என்று தோன்றவில்லையா என்று கேட்டார். தையல்காரர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியில் கார் இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தச் சீட்டு ஊசியக்காவின் மண்டையில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. அவருடைய வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. பரிசோதனை முடிவு நம்பும்படி இல்லையென்றால் மருந்தில் கை வைக்கக் கூடாது. முதலில் மறுபடி ரத்தம் எடுத்து, வேறு கருவியில் பார்க்க வேண்டும். இத்தனை நாளும் இந்தக் காருக்கு எல்லாரும் மருந்துதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஆயிலை மாற்றினார், இன்னொருவர் ஊற்றினார். ஒருவர்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. தான் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை மாத்திடலாம் மேலதிக ஆயிலை வடித்தெடுத்தார். திங்கட்கிழமை மாலை ஊசியக்கா அவரிடம் போய், அழுத்தத்தை விளக்கை நம்பாமல் நேராக அளக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பரணில், தூசி படிந்த டப்பாவுக்குள், நீளக் குழாயோடு ஒரு பிரஷர் கேஜ். ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அதை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார்கள். முள் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறியது. விட்டால் இறங்கி மறுபடி தன் இடத்தில் நின்றது. இருபது நிமிடம் பார்த்தார்கள்.

“இளவட்டம் மாதிரி இருக்கு எஞ்சினு” என்றார் மாத்திடலாம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“இதை ஏன் முதல் நாளே செய்யல?”

“நீங்க கேக்கவே இல்லையேக்கா.”

ஊசியக்கா பத்து வரை எண்ணினார். பிறகு, அப்படியென்றால் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டார். மாத்திடலாம் அன்றுதான் முதல் தடவையாக எதையும் மாற்றாமல் ஒரு விஷயத்தை விளக்கினார். ஸ்விட்ச்சிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர் போகிறது. அந்த ஒயர் இரும்பைத் தொட்டால் விளக்கு எரியும். அழுத்தம் குறைந்தால் தொட வைப்பதுதான் ஸ்விட்ச்சின் வேலை. அடுத்த முறை எரியும்போது எஞ்சினை அணைக்காமல் இறங்கி, ஸ்விட்ச்சில் மாட்டியிருக்கும் ஒயரை உருவிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் சிக்கல் ஸ்விட்ச்சிலோ எஞ்சினிலோ. ஒயரை உருவிய பிறகும் எரிந்தால், வழியில் எங்கேயோ ஒயர் உரசி இரும்பைத் தொடுகிறது.

பதினெட்டாம் தேதி விளக்கு எரிந்தபோது பழக்க தோஷத்தில் எஞ்சினை அணைத்துப் பெட்டியையும் நேராக்கிவிட்டார். மறுபடி கிளப்பினால் விளக்கு எரியவில்லை. ஸ்டியரிங்கில் கையால் ஓர் அடி அடித்தார். பத்தொன்பதாம் தேதி நினைவாக எஞ்சினை ஓடவிட்டு, வேறு எதையும் தொடாமல் இறங்கிப் போய் ஒயரை உருவினார். திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. ஆக, விளக்கு சொல்வது பச்சைப் பொய். ஒயரை மறுபடி மாட்டினார். பதினைந்து நாளில் முதன்முதலாகச் சற்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், மூன்று நாள் ஆகும், எதற்கும் எல்லா ஒயரையும் மாற்றிவிடலாம் என்றார் மாத்திடலாம். மாதம் முடியட்டும் என்று ஊசியக்கா வந்துவிட்டார்.

மறுநாள், இருபதாம் தேதி, ஐந்தாவது வீட்டில் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. அங்கே இருந்த பெரியவருக்கு முந்தின நாள் முழுக்க வயிற்றுப்போக்கு; உடம்பில் தண்ணீர் இல்லாமல் நரம்பெல்லாம் வற்றிக்கிடந்தது. வெந்நீர்த் துணி சுற்றி, கையைத் தொங்கவிட்டு, தட்டித் தட்டி, ஒரே குத்தில் எடுத்தார். பெரியவர் கும்பிட்டார். அடுத்த ஆறு வீட்டிலும் ஓட்டமாக ஓடினார். பதினொரு வீடும் முடிந்து ரொட்டித் தொழிற்சாலை வளைவில் திரும்பியபோது ஒன்பது மணி எட்டு நிமிடம். அங்கிருந்து நிலையத்துக்குப் பத்தொன்பது நிமிடம் ஓட வேண்டும். மூன்று நிமிடம் கையில் இருந்தது.

விளக்கு எரிந்தது.

ஒன்பது நிமிடச் சடங்குக்கு நேரமில்லை. அது தேவையும் இல்லை; அழுத்தம் சரியாக இருக்கிறது என்று முள் சொன்னது, விளக்கு பொய் சொல்கிறது என்று ஒயர் சொன்னது. இதெல்லாம் தலைக்குத் தெரிந்திருந்தது. காலுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடப் பழக்கத்தில் வலது கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. கார் பாதி ஓரங்கட்டிவிட்டது. பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பிக்கொண்டு கடந்தது. முதல் காரின் எஞ்சின் இறுகியபோது வந்த சத்தம், இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம், ஊசியக்காவின் காதில் கேட்டது. கால் அங்கேயே இருந்தது. ஒன்பது மணி ஒன்பது நிமிடம்.

“போடி” என்றார் ஊசியக்கா. விளக்கையா, தன்னையா என்று அவருக்கே தெரியாது. காலைத் தூக்கி ஆக்ஸிலரேட்டரில் வைத்து மிதித்தார்.

விளக்கு எரிய எரிய, பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ஓட்டினார். ஒரு கிலோமீட்டர் போனது. எதுவும் ஆகவில்லை. இரண்டு போனது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தில் ஏதாவது மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். ஏழு கிலோமீட்டர் தாண்டிப் பெரிய சந்திப்பில் சிவப்பு சிக்னல் விழுந்தது. நின்றார். நின்றதும் கண் பெட்டிக்குப் போனது. வளைவில் திரும்பியபோது அது கதவுப் பக்கம் சரிந்து, கால் வைக்கும் இடத்தின் ஓரத்தை மூடியிருக்கும் பக்கவாட்டுப் பலகையில் சாய்ந்துகொண்டு நின்றது. பெரியவரிடம் பாடுபட்டு எடுத்த குப்பி உள்ளே சாய்ந்திருக்குமே என்று, கையை நீட்டிப் பெட்டியை நேராக இழுத்து நிறுத்தினார்.

விளக்கு அணைந்தது.

ஊசியக்கா பெட்டியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பெட்டியை மெதுவாகப் பலகையில் சாய்த்தார். எரிந்தது. இழுத்தார். அணைந்தது. சாய்த்தார், இழுத்தார். ஆறு முறை செய்தார். ஆறு முறையும் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தியதும் முதல் வேலையாகப் பெட்டியை நேராக்கிவிட்டு, விளக்கு அணைந்ததற்குக் காரணம் ஐந்து நிமிட ஓய்வு என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள்தனம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறைக்குப் போகும்போது பெட்டியை வீட்டில் இறக்கி வைத்தது வேறு. சிக்னல் எப்போதோ பச்சையாகிவிட்டிருந்தது. பின்னால் நான்கு வண்டிகள் கத்திக்கொண்டிருந்தன. ஒருவர் தலையை வெளியே நீட்டித் தூக்கமா என்று கேட்டார்.

நிலையத்தின் மேசையில் பெட்டியை வைத்தபோது ஒன்பது இருபத்தொன்பது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள், குப்பிகளை எண்ணி வாங்கிக்கொண்டாள். கோடு போடவில்லை. உள் அறையிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, முகமெல்லாம் ஏன் இப்படி வியர்த்திருக்கிறது, உள்ளே வந்து உட்கார்ந்து சீட்டு ஒட்டலாமே என்று அக்கறையாகக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊசியக்கா படியிறங்கினார். அந்த மாதத் தாளில் அவர் வரியில் கடைசிவரை இரண்டு கோடுதான் இருந்தது. பதினொரு வீடும் அவரிடமே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் முன் இருக்கையைத் தள்ளிவிட்டு, தரையில் மண்டியிட்டுப் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினார். அதை நான்கு ஸ்குரூ பிடித்திருந்தன. மூன்று சுண்டுவிரல் நகத்தளவு. நான்காவது ஒரு விரல் நீளம். பலகைக்குப் பின்னால் ஓடும் ஒயர்க் கட்டுக்கு நேராக அதன் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பலகை அமுங்கினால் முனை போய் ஒயரைத் தொடும். ஒயரின் மேல்தோல் அந்த இடத்தில் உரிந்து செம்பு தெரிந்தது. ஊசியக்கா ஸ்குரூவைக் கையில் வைத்துப் பார்த்தார். காரில் வருகிற ஸ்குரூ அல்ல அது. ஆனால் தெரிந்த ஸ்குரூ. தையல் மிஷினின் பலகையை மேசையோடு பிடிக்கிற ஸ்குரூ.

முன்னறைக்குப் போய் அதைத் தையல்காரரின் முன்னால், அவர் வெட்டிக்கொண்டிருந்த துணியின் மேல் வைத்தார். தையல்காரர் கத்தரியை நிறுத்தி அதைப் பார்த்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் கை பென்சிலைத் தேடிக் காதுக்குப் போனது.

“எழுத வேணாம். சொல்லுங்க.”

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காரின் அந்தப் பலகை கடகடவென்று ஆடுவதாகவும், அதனால் குப்பியெல்லாம் அதிர்வதாகவும் ஊசியக்கா போன மாதக் கடைசியில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு ஸ்குரூ விழுந்துபோயிருந்தது. ஒன்றாம் தேதி, சனிக்கிழமை மாலை, இவர் தன்னிடம் இருந்ததில் ஒன்றைப் போட்டு இறுக்கினாராம். ஆட்டம் நின்றுவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஊசியக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவதற்கு வார்த்தை தேடினார். பலகை ஆடுவது நின்றது என்னவோ உண்மை. குப்பிகள் அதிராமல் வந்ததும் உண்மை.

“இங்க பாருங்க” என்றார் கடைசியில். “இனிமே காரைப் பத்தி நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. யார் முன்னாடி வேணும்னாலும் பேசுங்க. கைய மட்டும் வைக்காதீங்க.”

தையல்காரர் அதை மனத்தில் வைத்து அளந்து பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டு எழுந்து போய், தடித்த துணியில் ஒரு விரல் நீளத்துக்கு உறை ஒன்று வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, ஒயருக்குப் போர்த்தும்படி மனைவியின் கையில் கொடுத்தார். அவராகக் கொண்டுபோய்ப் போர்த்தவில்லை. வாக்கு என்றால் வாக்கு. ஊசியக்கா அதைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, சின்ன ஸ்குரூவாகப் பார்த்துப் போட்டு இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, தையல்காரர் காரின் பின்பக்கத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“முதல்ல இந்த டயரு” என்றார். “அப்புறம் புகைக் குழாய். அதுக்கப்புறம் நீ கிளட்ச்சை விடறதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அஞ்சு வருஷமாச்சு.”

ஊசியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து டயரைப் பார்த்தார். தேய்ந்து வழவழவென்று இருந்தது; சனியன், மனுஷன் சரியாகத்தான் சொல்கிறார்.